தங்கையின் விளக்கறையும் பதினேழாவது டேப்பும்

என் தங்கை யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பாள். ஆட்களைப் பார்ப்பது அதற்கப்புறம். இருபத்திரண்டு வருடம் ஹோட்டல் சமையலறைகளில் அடுப்புக்கு மேலே போகும் புகைக் குழாய்களுக்குள் ஊர்ந்து, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்தவள். வேறு எப்படிப் பார்க்கத் தெரியும்?

அவள் பையில் எப்போதும் டிஷ்யூ காகிதம் இருக்கும். ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து ஃபேனுக்கு முன்னால் பிடிப்பாள். காகிதம் எவ்வளவு சாய்கிறது என்பதை வைத்துக் குழாயில் எங்கே அடைப்பு என்று சொல்லிவிடுவாள். பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும். அண்ணன் என்பதால் அடக்கமாக ஒன்பது என்கிறேன். அவளிடம் வேலை வாங்கியவர்கள் பத்து என்பார்கள். சமையலறைகளில் அவளுக்குக் காத்தக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்த சமையல்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

போன வருடம் அவளுடைய வலது தோள் போய்விட்டது. இனிமேல் கையைத் தலைக்கு மேலே தூக்கி வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் வேலை பார்த்த கம்பெனியில் டெலிபோன் எடுக்கும் வேலை தருவதாகச் சொன்னார்கள்.

"நான் போன்ல பேசினா இருக்கற கஸ்டமரும் ஓடிடுவான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் எங்களோடுதான் இருக்கிறாள்.

வந்தவள் இரண்டு நாள் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் எங்கள் பின்னறையின் நீள அகலத்தை அளந்துகொண்டிருந்தாள். எட்டடிக்கு ஆறடி. உடைந்த கட்டிலும் பழைய பெட்டிகளும் போட்டு வைத்திருந்த அறை.

விஷயம் இதுதான். ஒன்பது வருடமாக அவள் குழாய் சுத்தம் செய்துவந்த பெரிய ஹோட்டல் ஒன்றின் தலைமைச் சமையல்காரர், தனக்கு வரும் லெட்யூஸ் இலையெல்லாம் தொலைவிலிருந்து வாடிப்போய் வருகிறது என்று புலம்பியிருக்கிறார். பச்சையாகத் தின்கிற இலை, வாடினால் குப்பைக்குத்தான். "நான் வளத்துத் தரேன்" என்று இவள் சொல்லிவிட்டாள். அவர் சிரித்திருக்கிறார். பிறகு, "சூடு பட்டா அது கசக்கும், காத்தக்கா. கசந்தா ஒரு இலைகூட எனக்கு வேண்டாம். அடுத்த மாசம் கடைசிச் செவ்வாய்க்கிழமை நானே வந்து தின்னு பாக்கறேன். நல்லா இருந்தா வாரா வாரம் மொத்தத்தையும் எடுத்துக்கறேன்" என்றிருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கை கொடுக்காவிட்டால் டெலிபோன் வேலைதான். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கம்பெனிக்காரர் கொடுத்த கடிதத்தைக் கிழித்துப் போடாமல் அலமாரியில் வைத்திருந்தாள். அதிலிருந்து எனக்குப் புரிந்தது.

நான் கண்ணாடிச் சாமான் கிடங்கில் பெட்டி கட்டுகிறவன். எட்டாவது வரைதான் படிப்பு. ஆனால் நான் ஒட்டிய பெட்டி வழியில் பிரிந்ததாக இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. கிடங்கு வாசலில் எரிந்துகொண்டிருந்த பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றிப் போட்டபோது, அந்தப் பின்னறையில் செடிகளுக்கு வெயிலாக இருக்கட்டும் என்று கேட்டு வாங்கி இரண்டைக் கொண்டுவந்தேன். நல்ல மஞ்சள் வெளிச்சம். அதைவிட நல்ல சூடு. கிட்டே போனால் முகம் காயும்.

"இப்ப வர்ற எல்இடி இவ்வளவு சுடாதாமே?" என்று என் மனைவி கேட்டாள்.

"சுடாது அண்ணி. ஆனா இது கையில இருக்கு" என்றாள் தங்கை. "பல்பு சுடறதைப் பத்திக் கவலையே இல்ல. சூட்டை வெளிய அனுப்பறது என் வேலை. அதை மட்டும் என்கிட்ட விட்டுடுங்க."

காலண்டர் தாளின் பின்புறம் படம் போட்டுக் காட்டினாள். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தகரக் கூடு, கீழ்ப்பக்கம் கண்ணாடி. இரண்டு கூட்டையும் மடங்குகிற அலுமினியக் குழாயால் இணைத்து, குழாயின் கடைசியில் ஃபேனை வைத்து, மேலேயிருக்கும் வென்டிலேட்டர் வழியாக வெளியே விட வேண்டும். அறைக்குள் இருக்கும் காற்றையே ஃபேன் கூடுகளின் வழியாக இழுக்கும். அது பல்புகளைத் தொட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும்.

"ஒரே ஃபேன். பல்பும் குளிரும், ரூமும் குளிரும்" என்றாள். பேச்சில் தயக்கமே இல்லை.

கை தூக்கக்கூடாது என்பதால் மேல்வேலை எல்லாம் என்னுடையது. தகரம் வெட்டினேன், சங்கிலி மாட்டினேன், வாங்கி வந்த பழைய கதவை இழைத்து, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி பொருத்தினேன். வெளிச்சூடு வராமல் ஜன்னலைப் பலகை போட்டு அடைத்தோம். டேப் ஒட்ட வேண்டிய நாளன்று அவளுக்குத் தோள் வைத்தியம்.

"மூட்டுங்களை எல்லாம் ஒட்டிடுண்ணா. காத்து கசியக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் தொடங்கி மாலைவரை ஒட்டினேன். குழாய் கூட்டில் சேரும் இடம், கூட்டில் கண்ணாடி சேரும் இடம், ஃபேன் பலகையில் சேரும் இடம். சுருக்கமில்லாமல், முனை மடங்காமல், பதினாறு இடம். கடைசியில் ஒன்று கண்ணில் பட்டு அதையும் செய்தேன். அவள் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீ ஒட்டினா ஒட்டினதுதான்" என்றாள். அன்று சாப்பாடு எனக்கு ருசித்தது.

நான்கு தட்டு அலமாரியைச் சுவரோரம் நிறுத்தி, நாற்றுகளை வைத்து, விளக்கைப் போட்டாள். முதல் நாள் மதியம் தெர்மாமீட்டர் முப்பத்தொன்று காட்டியது. மறுநாள் முப்பத்து மூன்று. லெட்யூஸுக்கு இருபத்து நாலு, மிஞ்சிப்போனால் இருபத்தாறு.

தங்கை பதறவில்லை. குழாயின் வாயில் டிஷ்யூவைப் பிடித்தாள். காகிதம் சோம்பேறி மாதிரி லேசாகச் சாய்ந்தது. "இழுப்பு பத்தல" என்றாள். குழாயில் ஒரு வளைவு அதிகம் என்று நிமிர்த்தச் சொன்னாள், நிமிர்த்தினேன். விளக்குகளை அரையடி உயர்த்தச் சொன்னாள்; உயர்த்தினேன். முப்பத்து மூன்று அசையவில்லை. மேல்தட்டில் இருந்த பதினெட்டுச் செடிகளுக்கு நடுக்குருத்து நீள ஆரம்பித்தது. அப்படி நீண்டால் கசப்பு ஏறிவிட்டது என்று அர்த்தமாம். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் பத்து நாள்.

பழைய கம்பெனியில் கேட்டு இதைவிட இரண்டு மடங்கு பெரிய ஃபேன் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். மாட்டினேன். சத்தம் இரண்டு மடங்கானது. சூடு ஒரு டிகிரிதான் குறைந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் தரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் உள்ளே செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி தண்ணீர்க் குடத்தோடு போய்க் கதவை இழுத்தாள். வரவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். கதவு சட்டென்று பிடியை விட்டது. அவள் பின்னால் இருந்த சுவரில் மோதி நின்றாள்.

"என்னங்க! இங்க வாங்க. உங்க கதவோட லட்சணத்தைப் பாருங்க. பத்து நாள் இழைச்சீங்களே, மல்லுக்கட்டினாத்தான் திறக்குது."

"கதவு மேல குத்தம் சொல்லாத. நூல் பிடிச்ச மாதிரி நிக்குது அது."

"நிக்குது, நிக்குது. திறக்கத்தான் மாட்டேங்குது. நேத்து வரைக்கும் ஒரு கையில வந்துச்சு, இன்னிக்கு ரெண்டு கை கேக்குது."

உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "அண்ணி, இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க."

"எதை? உங்கண்ணன் லட்சணத்தையா?"

"கதவை. எப்பலேருந்து ரெண்டு கை?"

"இந்தப் பெரிய ஃபேன் மாட்டினதுலேருந்துதான்."

தங்கை எழுந்து வந்தாள். "கதவை மூடுங்க. நான் ஃபேனை நிறுத்தறேன். இப்ப இழுங்க."

என் மனைவி ஒரு விரலால் இழுத்தாள். கதவு வந்துவிட்டது.

மறுபடியும் மூடி, ஃபேனைப் போட்டு, தங்கை வெளியே வந்து சாவித் துவாரத்தின் முன்னால் டிஷ்யூவைப் பிடித்தாள். காகிதம் துவாரத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு நுனி உள்ளே போய்விட்டது. அவள் அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ரூமுக்கு மூச்சு முட்டுதுண்ணா. வெளிய தள்ள ஃபேன் தயாரா இருக்கு. உள்ள வர்றதுக்குத்தான் காத்து இல்ல. அதான் கதவைப் பிடிச்சு இழுக்குது." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா நான் வழி விட்டிருந்தேனே... அண்ணா, நீ எதை எதை ஒட்டின?"

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் எத்தனை இடத்தில் டேப் போட்டோம், எங்கே போட்டோம் என்று சீட்டில் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது உடைந்து போனால், யார் எப்படி ஒட்டியது என்று தெரிய வேண்டுமே. அந்தப் பழக்கத்தில் இதற்கும் சீட்டு எழுதியிருந்தேன். எடுத்து வந்து வரிசையாகப் படித்தேன். முதல் கூடு, குழாய் மூட்டு, இரண்டு சுற்று. முதல் கூடு, கண்ணாடி விளிம்பு, ஒரு சுற்று. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பதினாறு முடிந்தது.

"பதினேழு. அடித்தட்டுக்குப் பின்சுவரில் பழைய குழாய் போன ஓட்டை. அளவாகப் பலகை வெட்டி வைத்து, நாலு பக்கமும் டேப். மேலே வெள்ளை அடித்தது."

தங்கை அந்தக் காலண்டர் தாளை எடுத்து விரித்தாள்.

"படத்துல அந்த இடத்துல அம்புக்குறி போட்டிருந்தேனே" என்றாள் தங்கை மெதுவாக.

"பார்த்தேன். வாலும் மூக்குமா இருந்துச்சு. எலி வர்ற இடம்னு காட்டியிருக்கேன்னு நெனச்சேன்."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் அடங்கவில்லை. "இவர் கையில இன்னொரு சுருள் கொடுத்திருந்தா என் வாயையும் சேத்து ஒட்டிப் பதினெட்டுன்னு எழுதியிருப்பாரு!"

ஏழு நாளாக அவள் குழாயைக் குறை சொன்னாள், ஃபேனைக் குறை சொன்னாள், தன் கணக்கையே குறை சொன்னாள். நான் ஒட்டியதை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் பிரிச்சிடறேன்" என்றேன்.

"நீ நகரு. கீழ்வேலைதானே, எனக்கு வரும்."

அலமாரியை நகர்த்திக் கொடுத்தேன். அவள் தரையில் படுத்து, இடது கையால் கத்தியைப் பிடித்து அறுத்தாள். குழாய்களுக்குள் எப்படி வேலை செய்திருப்பாள் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். உடம்பு அந்த இடுக்குக்கென்றே அளவெடுத்த மாதிரி போயிற்று. "சண்டாளா, எப்படித்தான் ஒட்டினியோ" என்று திட்டிக்கொண்டே அறுத்தாள். பலகை பிடுங்கி வந்ததும் நடைவழியின் குளிர்ந்த காற்று அவள் முடியைக் கலைத்தது. அப்படியே சற்று நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

அப்போது மணி பதினொன்று பத்து, தெர்மாமீட்டர் முப்பத்திரண்டு. பதினொன்று இருபதுக்கு இருபத்தெட்டு. பன்னிரண்டுக்கு இருபத்து நாலு. அங்கேயே நின்றது. மாலையில் பெரிய ஃபேனைக் கழற்றிவிட்டுப் பழைய சின்ன ஃபேனையே மாட்டச் சொன்னாள். அதுவே போதும் என்று அவள் முதலில் போட்ட கணக்கு அச்சாகச் சரியாக இருந்தது. ஓட்டையின் வாயைக் கொஞ்சம் பெரிதாக்கி, பூச்சி வராமல் வலைத்துணி கட்டினோம். அதைச் சுற்றி டேப் ஒட்டட்டுமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஆணி எடுத்து வந்தேன்.

நாலாவது நாளே கீழ்த்தட்டுகள் மூன்றும் தளதளவென்று விரிந்துவிட்டன. மேல்தட்டுதான் தேறவில்லை. திங்கட்கிழமை என் மனைவி சொன்னாள், "இந்தப் பதினெட்டையும் பிடுங்கிப் போட்டுடு. அவர் வர்ற நேரத்துல கண்ணுல படக்கூடாது."

"இருக்கட்டும் அண்ணி."

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத் தலைமைச் சமையல்காரர் வந்தார். பெரிய உருவம், ஒரு கையில் போன். பேசிக்கொண்டே மறு கையின் சுண்டுவிரலால் கதவை இழுத்தார். கதவு திறந்தது. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

தங்கை மேல்தட்டிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்தாள். மென்றவர் முகம் கோணியது. போனை அணைத்துவிட்டார்.

"என்ன காத்தக்கா, கசக்குது!"

"அது ஏழு நாள் சூட்டுல இருந்தது. இப்ப இதைத் தின்னுங்க."

இரண்டாவது தட்டிலிருந்து ஒன்று. மென்றார். தானே இன்னொன்று கிள்ளினார். மூன்றாவது தட்டுக்கும் கை போனது.

"கசக்கறதை ஏன் முதல்ல கொடுத்த? இதை மட்டும் கொடுத்திருந்தா பேசாம எடுத்துட்டுப் போயிருப்பேனே."

"என்னிக்காவது ஒரு வாரம் கசந்து போச்சுன்னா நீங்க என்னைத்தான் கேப்பீங்க. எதனால கசக்கும்னு எனக்குத் தெரியும். தெரியும்கறது உங்களுக்கும் தெரியணும்ல?"

அவர் மேலே பார்த்தார். கூடுகளையும் குழாயையும் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். "இந்த வேலை யாரு? பிசிறே இல்லாம இருக்கு."

"எங்கண்ணன்" என்றாள். பதினேழாவதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவர் போனை எடுத்துச் சமையலறையைக் கூப்பிட்டார். "வியாழக்கிழமை லெட்யூஸ் லாரியை வேண்டாம்னு சொல்லிடு. இனிமே நம்ம காத்தக்கா குடுக்கும்." பிறகு அவளைப் பார்த்து, "இது மூணு நாளைக்குத்தான் காணும். மிச்ச நாளுக்கு என்ன பண்ணப் போற?" என்றார்.

"பண்றேன்" என்றாள்.

அவர் போனதும் கம்பெனிக் கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து, அதன் பின்புறத்தில் ஏதோ நீள அகலம் எழுதினாள். எழுதிக்கொண்டே எங்கள் முன்னறைக்கு வந்து, நடுவில் நின்று, கூரையைப் பார்த்தாள்.

"ஆகாது" என்றாள் என் மனைவி. "அங்க நான் டிவி பாக்கணும்."

"பாருங்க அண்ணி, யாரு வேண்டாம்னா?" என்றாள் தங்கை, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "டிவியும் சூடாகுற சாமான்தான். சேத்தே குளிர வெச்சுடலாம்."