இருபத்திரண்டு பட்டன்

என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று சொன்ன அன்று டாக்டர் இன்னொன்றும் சொன்னார். குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு பேச்சு வராது.

அவள் பள்ளிக்கூடக் கேண்டீனில் இருபது வருஷம் வேலை செய்தவள். ரீசஸ் மணி அடித்ததும் ஓடிவரும் பிள்ளைகளை மைக் இல்லாமல் வரிசையில் நிறுத்துவாள். நாங்கள் இருப்பது கிள்ளானில், நாலாவது மாடி பிளாட். கீழே நான் என் சின்ன லோரியை நிறுத்தும்போதே மேலே இருந்து சத்தம் வரும். "ஏங்க, ரொட்டி வாங்கிட்டு வாங்க! நேத்து மாதிரி காஞ்சது வேணாம்!" பிளாட் முழுக்கக் கேட்கும். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. வீட்டில் பேசுவதற்கு ஒரு ஆள் போதும் என்று இருந்துவிட்டேன்.

எங்களுக்குள் எழுதிப் பழக்கம் கிடையாது. நான் ஜெஞ்சாரோம் பக்கத்து எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அவள் மலாய்ப் பள்ளி. தமிழ் வாய் நிறையப் பேசுவாள், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. போனில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவாள். அதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் எனக்குப் போதும் என்று ஆகிவிடும். அதனால் எனக்கு எழுதவே மாட்டாள். போன் அடிப்பாள். குரலைப் பதிந்து அனுப்பு என்று மகள் சொல்லிக் கொடுத்தும் செய்யவில்லை. "எதிர்ல ஆளு பதில் சொல்லாம எப்படிலா பேசறது? பைத்தியம் மாதிரி இருக்கு" என்பாள்.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பேச்சு போகப் போகிறது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். தமிழ்ப் பெண்தான். அவள் சொன்னாள். "ஆன்டி, ஆபரேஷனுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. ஒரு டேப்லட் வாங்கிக்குங்க. பேச்சு ஆப் ஒன்னு இருக்கு. கட்டம் கட்டமா பட்டன் இருக்கும். ஒவ்வொரு பட்டன்லயும் உங்க குரலையே ரெக்கார்ட் பண்ணி வெச்சிக்கலாம். அப்புறம் அமுக்கினா உங்க குரல்லயே பேசும்." ஒரு தாளும் கொடுத்தாள். கட்டாயம் வேண்டிய வாக்கியங்கள் அதில் இருந்தன. தண்ணீர், வலி, கழிவறை, மருந்து. கீழே கொட்டை எழுத்தில், மற்றதை உங்கள் விருப்பப்படி சேருங்கள் என்று இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு போன் கடைக்குப் போனோம். மகள்தான் அந்தக் கடையைச் சொன்னாள். அந்தப் பக்கம் பார்வை இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேசுகிற போன், பேசுகிற கடிகாரம் எல்லாம் அந்தக் கடைக்காரருக்கு அத்துப்படி. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், வேலை பெர்மிட்டில் வந்தவர்.

"யாருக்குண்ணே?" என்றார்.

"எனக்குத்தான் தம்பி" என்றாள் என் மனைவி. "இன்னும் ரெண்டு வாரத்துல வாயை மூடப் போறேன். இந்த மனுசன் நேர்த்திக்கடன் வெச்சிருப்பார் போல."

கடைக்காரருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் டேப்லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, சத்தம் இதுல கம்மி. சின்ன ஸ்பீக்கர் ஒன்னு தரேன், சட்டையில குத்திக்கலாம். சத்தம் நெஞ்சுல இருந்து வரும். அப்பதான் ஆளுங்க உங்க முகத்தைப் பார்த்துப் பேசுவாங்க. இல்லாட்டி டேப்லட்டையே பார்ப்பாங்க."

அவர் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்தது. கீழே விழுந்தாலும் உடையாத தடித்த ரப்பர் உறை, கழுத்தில் மாட்டுகிற வார், பவர் பேங்க் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். அவள் ஸ்பீக்கரைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். "என் சத்தத்துக்கு இவ்ளோ சின்னதா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் காஜாங்கிலிருந்து வந்து ஆப்பைப் போட்டுவிட்டு, எப்படிப் பதிவது என்று எனக்குக் காட்டிவிட்டுப் போனாள். மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். வேர்த்துக் கொட்டியது. நான் பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அவள் பேச வேண்டும்.

"தண்ணி வேணும்."

"வலிக்குது."

"கக்கூஸ் போகணும்."

"மருந்து குடிச்சிட்டேன்."

முதலில் சிரித்துச் சிரித்துக் கெட்டுப்போனது. அழித்து அழித்துப் போட்டோம். பிறகு சரியாக வந்தது. குரல் அப்போதே கட்டைக்குரல்தான், ஆனால் அவள் குரல். தாளில் இருந்த இருபத்திரண்டும் முடிந்தது. அவள் திரையைப் பார்த்தாள். கீழே காலிக் கட்டங்கள் பக்கம் பக்கமாக இருந்தன.

"இன்னும் இடம் இருக்குங்க. இப்ப திட்டறதெல்லாம் போடுவோம்."

"எதுக்கு?"

"எதுக்கா? ரொட்டி காஞ்சு போயிருந்தா என்ன செய்வேன்? 'வலிக்குது'ன்னு அமுக்கவா? அப்புறம் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிடணும். மகளை வாடி போடின்னு சொல்லணும். ஒரு பாட்டுகூட பாடி வெக்கலாம்."

"போதும்லா" என்றேன். "மூனு மாசத்துல தொண்டையில ஒரு சின்ன வால்வு வெச்சா பேசலாம்னு டாக்டர் சொன்னார்ல. அப்புறம் இதை யாரு தொடப் போறா? தேவையானது இருக்கு. போதும்."

"ரெண்டே ரெண்டு."

"போதும்."

எழுந்து மின்விசிறியைப் போட்டேன். அவள் சரி என்றாள். சமையலறைக்குப் போய்விட்டாள்.

வால்வு பற்றி டாக்டர் சொன்னது உண்மை. வைக்கலாம், புண் நன்றாக ஆறினால் பார்ப்போம் என்றார். ஆனால் நான் நிறுத்தியது அதற்காக இல்லை. கடையை மூடப் போகிறவர்கள் சாமானை எடுத்துப் பெட்டியில் கட்டுவார்களே, அந்த மாதிரி இருந்தது எனக்கு. உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன் பிறகு இருந்த நாட்களில் கோயிலுக்குப் போனோம், சொந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். டேப்லட் அலமாரியில் இருந்தது. அவள் திரும்பக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஓட்டை, அதன் வழியாக மூச்சு. வாய் அசையும், காற்று வராது. டேப்லட்டைக் கழுத்தில் மாட்டி, ஸ்பீக்கரைச் சட்டையில் குத்தி வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

முதல் மாதம் அவள் அதை வைத்து விளையாடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். என் அக்கா பார்க்க வந்தார். வந்தால் எழுந்திருக்க மாட்டார். யார் யாருக்குத் தொண்டையில் கட்டி வந்து என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி திடீரென்று பட்டனை அமுக்கினாள். "கக்கூஸ் போகணும்." அக்கா பேச்சை நிறுத்தினார். பிறகு தொடர்ந்தார். மறுபடியும் சத்தத்தைக் கூட்டி, "கக்கூஸ் போகணும்." மூன்றாவது தடவை அக்கா பையை எடுத்துக்கொண்டு, "சரிம்மா, நீ பாரு, நான் கிளம்பறேன்" என்று போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு. சத்தம் இல்லை. கழுத்து ஓட்டையில் மட்டும் உஸ் உஸ் என்று காற்று.

பட்டனில் இல்லாததை அவள் தட்டெழுத வேண்டும். மலாயில் எழுதினால் டேப்லட் மலாயில் வாசிக்கும். கவர்மென்ட் ஆபீஸ் கவுன்டரில் நம்பர் கூப்பிடுகிற பெண்ணின் குரல். முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள் அந்தக் குரலில் என்னிடம் பேசினாள். மகள் வேறு ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். மலாயில் எழுதினால் தமிழில் மாற்றிப் பேசும். அவள் முதல் முதலாக எழுதிப் பார்த்தது வந்தது. "நீங்கள் உணவு உண்டீர்களா?"

"உண்டேன்" என்றேன். அன்றைக்கும் சிரித்தாள்.

பிறகு அந்த ஆப்பை அவள் தொடவில்லை. அது அவள் இல்லை. எனக்கும் தெரிந்தது. இருபத்திரண்டு பட்டனில்தான் அவள் இருந்தாள்.

ரேடியேஷன் கொடுத்தார்கள். புண் ஆறவில்லை. வால்வு இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்துப் போனபோது, வைக்க முடியாது என்றார். வீட்டுக்கு வருகிற வழியில் லோரியில் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். பேச்சுப் பயிற்சிப் பெண் மின்சாரக் கருவி ஒன்று காட்டினாள். தாடைக்குக் கீழே வைத்து அமுக்கினால் பூச்சி மாதிரி ரீங்காரம் வரும். ரேடியேஷன் பட்ட இடம் கல்லாகிவிட்டதால் அதுவும் சரியாக வரவில்லை.

அப்படியே பல மாதங்கள் போயின. வீட்டில் கேட்டதெல்லாம் இதுதான். தண்ணி வேணும். வலிக்குது. ஜன்னலைச் சாத்துங்க. தலகாணி வேணும். எனக்குச் செய்து செய்து பழக்கப்பட்டவள், எந்நேரமும் எதையாவது என்னிடம் கேட்கிற ஆளாகிவிட்டாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அந்தத் தாள் அப்படி. அவளைத் தாளோடு நிறுத்தியது நான்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தேன். ரொட்டியை மேசையில் வைத்தேன். அவள் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தாள். டேப்லட்டில் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். காலிக் கட்டங்கள். மூடி வைத்துவிட்டு அந்த ரொட்டியையே பாலில் ஊறப் போட்டாள்.

இன்னொரு நாள் நெடுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பேச வைக்காமல் டேப்லட்டை என்னிடம் நீட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். திரை நிறைய. நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதல் வரியை எழுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். "நீங்க" என்று இருந்தது. அடுத்த வார்த்தை பிடிபடவில்லை. உதட்டை அசைத்துப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு டேப்லட்டை வாங்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

"என்ன எழுதின? இரு, படிக்கறேன். மெதுவா படிக்கறேன்" என்றேன்.

அவள் பட்டனை அமுக்கினாள். "தண்ணி வேணும்."

கொண்டு வந்து கொடுத்தேன். குடித்தாள். அதில் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கடைசியில் கட்டிலோடு ஆனாள். டேப்லட்டைப் பிடிக்கக் கையில் பலம் இல்லை. கட்டில் கம்பியில் மாட்டுகிற வளைகிற தாங்கி ஒன்று மகள் வாங்கி வந்தாள். முகத்துக்கு நேரே நிற்கும். ஒரு விரல் பட்டால் போதும் என்று பட்டன்களைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். பெரிதாக்கியதில் ஒரு பக்கத்துக்கு நாலுதான் தெரிந்தது. அந்த நாலில் மூன்றை அவள் தொடவே இல்லை. "வலிக்குது" மட்டும். ஒரு நாள் காலையில் பத்து மணிக்கு அதுவும் நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு மகள் ஹாலில் உட்கார்ந்து டேப்லட்டைத் திறந்தாள். நான் சுவரோரம் நாற்காலியில் இருந்தேன். ஒவ்வொரு பட்டனாக அமுக்கினாள். தண்ணி வேணும். தலகாணி வேணும். மருந்து குடிச்சிட்டேன். இருபத்திரண்டும் பேசி முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அப்பா, வேற எதுவும் இல்லையா?"

"இல்ல."

"என் கல்யாண வீடியோவைப் போட்டுப் பாத்தேன்பா. முழுக்கப் பாட்டைப் போட்டு வெச்சிருக்காங்க. அம்மா வாய் மட்டும் அசையுது." மூக்கை உறிஞ்சினாள். காலிக் கட்டங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "இதுல இவ்ளோ இடம் இருக்கே. அம்மாவுக்கு வெக்கமா இருந்திருக்கும் போல. பேச மாட்டேன்னுட்டாங்களா?"

நான் தலையை ஆட்டியிருக்கலாம். அவள் அதை நம்பியிருப்பாள். ஆமாம், எதிரில் ஆள் இல்லாமல் பேச அம்மாவுக்குப் பிடிக்காது என்று அவளே சொல்லிக்கொண்டு போயிருப்பாள்.

"வெக்கம் இல்லம்மா" என்றேன். "திட்டறதைப் போடணும்னா. உன்னைக் கூப்பிடறதைப் போடணும்னா. பாட்டு பாடறேன்னா. நான்தான் போதும்னுட்டேன்."

அவள் கை நின்றது.

"எத்தனை தடவ கேட்டாங்க?"

"ரெண்டு தடவ."

மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பார்த்தேன். டேப்லட்டை மூடித் தன் பைக்குள் வைத்தாள். காஜாங் போக நேரமாகிவிட்டது என்றாள். வாசல் வரை போனேன். செருப்பு மாட்டும்போது, "சாப்பாடு பிரிட்ஜ்ல இருக்குப்பா, சூடு பண்ணிச் சாப்பிடுங்க" என்றாள்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.