எண்ணெய் உலர்ந்த மரகதம்

மரகதத்தை அதற்குமுன் நான் படமெடுத்ததில்லை. கீழக்கரையில் கையாலேயே கல்லுக்குப் பட்டை தீட்டும் பாய் ஒருவர் என் நெடுநாள் நண்பர். தீட்டி முடித்த கல்லை உரியவரிடம் சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் என்னிடம் தருவார். இராமநாதபுரத்தில் என் வீட்டில், கறுப்பு வெல்வெட்டின்மேல் வைத்து, பட்டர் பேப்பர் மறைத்த விளக்கொளியில் எடுப்பேன். இயந்திரக் கல்லில் பட்டைகள் யாவும் ஒரே அளவு; கைக்கல்லில் ஒரு பட்டை சற்றே அகன்றிருக்கும், பதிகம் பாடுகையில் உருக்கம் மிகுந்த ஓரடியில் குரல் தங்கிவிடுவதுபோல. ஓய்வுபெற்றபின் எனக்கு எஞ்சியவை இவ்விரண்டே: காலையில் கோயிலில் பாட்டு, பகலில் கல்.

அந்த மரகதம் அவர் மகளின் நிக்காஹுக்கானது. மாப்பிள்ளை வீட்டார் வாங்கி, மணமகன் பெண்ணுக்குத் தரவேண்டிய மஹர் மோதிரத்துக்குப் பெண்ணின் தந்தையே பட்டை தீட்டட்டும் என்று ஒப்படைத்திருந்தனர். புளியங்கொட்டை அளவு.

"மாப்பிள்ளை வீட்டுல நம்பிக் குடுத்த அமானிதம் அய்யா. மத்த கல்லு மாதிரி கழுவித் தொடச்சிராதீக. பச்சைக்கு உள்ளுக்குள்ள கீறல் இருக்கும். எண்ணெயில ஊறப்போட்டு அடைச்சிருக்கேன். ஊரு பூரா செய்யிறதுதான், அவுகளுக்கும் தெரியும்."

"ஒரு தரம் தொடச்சா என்ன பாய்?"

"உத்தரகோசமங்கையில மரகதச் சாமிய வருசம் பூரா சந்தனம் பூசித்தான வச்சிருக்கீக. எங்கல்லை மட்டும் அம்மணமாப் பாக்கணுமாக்கும்?"

இருவரும் சிரித்தோம்.

மறுநாள் லென்ஸில் பார்த்தபோது கல்லின் முகத்தில் ஒரு விரல்ரேகை மங்கலாகப் படிந்திருந்தது. என் விரலுடையதே. லென்ஸ் துடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒரே ஒருமுறை துடைத்தேன். பச்சை இருண்டு கிடந்ததால் விளக்கை அருகே நகர்த்தினேன். சூடேறும் பழைய ஹாலோஜன் விளக்கு. துணி அசையாதிருக்க மின்விசிறியையும் நிறுத்தினேன். ஆழத்துக்கு ஆழம் ஃபோகஸ் மாற்றி நாற்பது படங்கள் எடுத்து ஒன்றாக்குவது என் முறை.

பத்தாவது படத்தில் வெண்ணிற இழை ஒன்று தெரிந்தது. பஞ்சென்று நினைத்து ஊதினேன். அசையவில்லை. மீண்டும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். இருபதாவதில் இழை கிளைத்திருந்தது. வாய்க்குள் பாடிக்கொண்டிருந்த பதிகம் எந்த அடியில் நின்றது என்று இன்றும் தெரியவில்லை. முப்பதாவதில் அது கல்லின் விளிம்பை எட்டியிருந்தது. அப்போதுதான் விளக்கை அணைத்தேன். ஆண்டு முழுதும் காத்திருந்து, மார்கழித் திருவாதிரையில் சந்தனம் களைந்த திருமேனி கண்டு கசிந்தவன் நான். இந்தக் கல்லை எண்ணெயோடு விட்டுவைக்க ஒரு நாள் பொறுக்க இயலவில்லை.

அன்று மாலையே பஸ் ஏறிக் கல்லோடும் கேமராவோடும் கீழக்கரை போனேன். பாய் முதற்படத்தையும் கடைசிப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எண்ணெய் காஞ்சது போகட்டும். திரும்ப ஊறப்போட்டா மறையும். இது வேற. நடுவுல நின்ன கீறல் சூட்டுல நீண்டு ஓரத்தைத் தொட்டிருச்சு. இனிமே லேசாத் தட்டுனாலும் ரெண்டாப் போகும்."

"மாப்பிள்ளை வீட்டுல நானே வந்து சொல்றேன் பாய்."

"சொன்னா, கீறின கல்லை வச்சு நிக்காஹான்னு மாப்பிள்ளையோட உம்மா எந்திரிச்சிருவாக. எம்மக என்ன பாவம் செஞ்சா?" கல்லை எண்ணெய்க் கிண்ணத்தில் இறக்கி மூடினார். "படத்தை அழிச்சிருங்கய்யா."

அழித்தேன்.

நிக்காஹ் நடந்தது. மோதிரம் மாசற்ற பச்சையாய் மின்னியது. "சோப்புத் தண்ணியில கை வைக்கும்போது கழட்டிரும்மா," என்றார் பாய் மகளிடம். சற்று நேரத்தில் மறுபடியும் சொன்னார்.

"எத்தனை தடவை வாப்பா!" என்று அவள் சிரித்தாள்.

இப்போது அவள் கணவனோடு வளைகுடா நாட்டில் இருக்கிறாள். அவள் அனுப்பும் படங்களைப் பாய் எனக்கும் அனுப்புவார். நான் முகத்தைப் பார்ப்பதில்லை. விரலைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். சென்ற வாரப் படத்தில் தேநீர்க் கோப்பை ஏந்தியிருந்தாள். பச்சையின் ஓரத்தில் மெல்லிய வெண்கோடு.

"என் கண்ணுக்குப் புடிபடல அய்யா. உங்களுக்கு என்ன தெரியுது?" என்று பாய் கேட்டிருந்தார்.

"ஜன்னல் வெளிச்சம் பாய்," என்று எழுதினேன்.

படித்துவிட்டார் என்பதற்கான இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. படத்தில் அவளுக்குப் பின்னே ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. அதை அவரும் பார்த்திருப்பார்.