தராசு மாட்டிய ஹேண்ட்பிரேக்

அவருக்குத் தராசு என்று பெயர் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. திருகு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளந்து காட்டும் ஸ்பேனர் ஒன்றை முதலாளி அப்போது புதிதாக வாங்கி வந்திருந்தார். ஒர்க்‌ஷாப் முழுவதும் கூடி நின்று வேடிக்கை பார்க்க, மெக்கானிக்கான இவர் வெறும் கைக்கணக்கில் இறுக்கிய பத்து நட்டுகளை அந்த ஸ்பேனரை வைத்துச் சோதித்தார்கள். பத்தும் ஒரே அளவு. "இது தண்டம். நம்மகிட்டதான் தராசு இருக்கே" என்று சொல்லி முதலாளி அதைப் பெட்டியோடு தன் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த ஸ்பேனரை யாரும் கேட்டதில்லை. பிற்பாடு சிறு திருகுகளுக்கென்று அதன் தம்பி போல இன்னொன்று வந்தது. அதுவும் அதே இழுப்பறைக்குத்தான் போனது. ஒருவரைப் புகழ்வது அவரிடமிருந்து ஒரு கருவியைப் பிடுங்கிக்கொள்ளும் வழியாகவும் ஆகிவிடும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

மஞ்சள் கார் வந்த நாளில் தராசின் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் உணர்ச்சி இல்லை. எட்டு மாதமாக இல்லை. அதற்கு முன்பு இரண்டு வருடம் வெறும் மதமதப்பு. கையை உதறினால் சரியாகிவிடும். உதறிக்கொண்டே இரண்டு வருடத்தை ஓட்டினார். ஒரு நாள் வீட்டில் அடுப்பிலிருந்த சுடுதண்ணீர்ப் பாத்திரத்தைத் துணி இல்லாமல் தூக்கி, சாவகாசமாக நடந்துபோய் வாளியில் ஊற்றினார். பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் முகம் மாறியதை வைத்துத்தான் ஏதோ தப்பு என்று தெரிந்தது. மறுநாள் விரல்களில் கொப்புளம் எழும்பியது.

டாக்டர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். கட்டைவிரலின் அடிச்சதை வற்றிக் குழிந்திருப்பதைக் காட்டினார். "இத்தனை வருஷம் நட்டு கழட்டற ஏர் கன் பிடிச்சிருக்கீங்க. அந்த அதிர்வு சும்மா விடுமா. நரம்பு நசுங்கிடுச்சு. முன்னாடியே வந்திருந்தா மணிக்கட்டுல அறுத்து அழுத்தத்தை எடுத்துவிட்டிருக்கலாம். இப்ப அறுத்தா வலி போகும், உணர்ச்சி வராது."

"வலியே இல்லையே சார்."

"அதைத்தான் சொல்றேன்" என்றார் டாக்டர். "இடது கையும் இதே பாதையிலதான் போகுது."

ஒர்க்‌ஷாப் சீருடைக்கு ஆறு பட்டன். அவரால் போட முடியவில்லை. மனைவி வீட்டில் துணி தைத்துக் கொடுப்பவர். தினமும் காலையில் மெஷினிலிருந்து எழுந்து வந்து போட்டுவிடுவார். அந்த நேரத்தில்தான் பேச்சு வரும்.

"முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சொன்னா?"

"சொன்னா என்ன, கழுத்தையா வெட்டிடுவாரு?"

"பெயின்டருக்குக் கண்ணு மங்கினப்ப என்ன பண்ணாரு? வண்டி கழுவற பக்கம் அனுப்பிட்டாரு. பாவம்னு பார்த்துதான் அனுப்பினாரு. பெயின்டர் இப்ப நம்மகிட்ட நிமிர்ந்துகூடப் பேசறதில்ல."

"தண்ணியில நிக்கறது என்ன கேவலமா?"

"அவனுக்கு எப்படியோ. என்னை என்னன்னு கூப்பிடுவாங்க அங்க?"

மனைவி கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டுக் காலரை இழுத்துச் சரிசெய்தார். "பேர் சொல்லிக் கூப்பிடட்டும். எனக்கே மறந்துபோச்சு அது."

அவர் எட்டு மாதமும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார். விரலுக்குத் தெரியாததைக் கண்ணிடம் கேட்டார். திருகை முறுக்கும்போது கட்டைவிரல் நகம் வெளுக்கும். எவ்வளவு வெளுத்தால் எவ்வளவு அழுத்தம் என்று பழைய நட்டுகளில் இறுக்கிப் பார்த்து மனதில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். இதைச் சாமர்த்தியம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். ஒரு பொய்யை நீட்டிக்க அவர் செலவழித்த உழைப்பு, உண்மையைச் சொல்லிவிடத் தேவைப்பட்ட உழைப்பைவிட அதிகம். ஆனால் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்தது. ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் தெரியவில்லை.

மஞ்சள் கார் இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். ஒரு பல் டாக்டருடையது. அதன் ஹேண்ட்பிரேக் பிடியைக் கழற்றிவிட்டு, தனியாக வாங்கிவந்த கார்பன் பிடியை மாட்ட வேண்டும். பெட்டியைத் திறந்து காட்டியபோது பல் டாக்டருக்கு முகமெல்லாம் பல். கறுப்பு நூலால் நெருக்கி நெய்து மேலே கண்ணாடி ஊற்றியதுபோல இருந்தது பிடி. எடையே இல்லை.

"தராசுன்னு ஒருத்தர் இருக்காராமே, அவர்தான் மாட்டணும்" என்றார் முதலாளியிடம்.

"அவர்தான் இவர்."

பல் டாக்டர் கை நீட்டினார். தராசு கையைத் துடைப்பதுபோலத் துணியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

"ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கான்னு பார்த்துக்கங்க. கார்பன் சிலாம்பு விரல்ல ஏறினா வெளிய எடுக்க முடியாதாம். எனக்குப் பொழப்பே இந்த விரல்லதான்."

"எனக்கும் அப்படித்தான் சார்" என்றார் தராசு. முதலாளி சிரித்தார்.

வேலை கஷ்டமானதில்லை. ஹேண்ட்பிரேக்கின் அடியைச் சுற்றியிருக்கும் தோல் உறையை நெம்பி எடுத்தார். பழைய பிடியின் ஒற்றைத் திருகைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, பிடியை முறுக்கி இழுத்ததும் உள்ளேயிருந்த இரும்புத் தண்டு தெரிந்தது. பிரேக்கைப் பிடிப்பதும் விடுவதும் அந்தத் தண்டின் வேலை. கார்பன் அதற்குப் போடுகிற சட்டை மட்டும்தான். சட்டையை நுழைத்து, நுனியிலிருக்கும் பொத்தான் அமுங்கி எழும்புகிறதா என்று பார்த்து, அடிப்பக்கம் இரண்டு பொடித் திருகுகளை இறுக்கினால் முடிந்தது. அந்தத் திருகுகளை அதிகம் இறுக்கக்கூடாது என்று கூட வந்த காகிதத்தில் சிவப்பில் போட்டிருந்தது.

"என்னண்ணே, குழந்தைக்குச் சட்டை போடற மாதிரி மாட்டறீங்க" என்றான் ஒயர். காரின் மின்வேலை எல்லாம் அவன் பொறுப்பு. பக்கத்துக் காரின் கதவை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"குழந்தையாவது வலிச்சா அழும்" என்றார் தராசு.

அது உண்மை. இரும்பை அதிகமாக இறுக்கினால் முனகும், நீளும், கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். கைக்குச் சேதி சொல்லிவிட்டுத்தான் உடையும். கார்பன் கடைசி வரை எதுவும் சொல்லாது.

முதல் திருகு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தது. நகம் பாதி வெளுத்ததும் நிறுத்தினார். இரண்டாவது இருக்கைப் பக்கம், மறைவில் இருந்தது. உடம்பை வளைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தும் நகம் தெரியவில்லை. இழுப்பறையில் இருந்த சின்ன ஸ்பேனர் ஞாபகம் வந்தது. எழுந்து இருபது அடி நடந்து போய்க் கேட்டால் முதலாளி கொடுத்துவிடுவார். ஆனால் தராசு எதற்காக அதைக் கேட்கிறார் என்று எல்லோரும் கேட்பார்கள். அவர் எழவில்லை. குருட்டாம்போக்கில் திருப்பினார்.

'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பேனா மூடி விழுகிற சத்தம்கூட அதைவிடப் பெரிது.

செல்போன் டார்ச்சை அடித்து, சிறு கண்ணாடி ஒன்றை அடியில் வைத்துப் பார்த்தார். திருகின் துளையிலிருந்து ஒரு கோடு கிளம்பி அரிசி நீளத்துக்குப் போயிருந்தது. ஆனால் கார்பன் முழுக்கவே கோடுகள்தான். நூல் மேல் நூல் ஓடியிருந்தது. இது நெசவா விரிசலா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. விரல் நுனிதான் சொல்ல வேண்டும். கட்டைவிரலால் தடவினார். ஒன்றும் இல்லை. இடது கையால் தடவினார். இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

"முடிஞ்சுதா?" என்று முதலாளி கேட்டார்.

"முடிஞ்சுது."

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் சாலைக்கு ஏறுகிற சரிவில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பிரேக்கில் கை வைத்தவரே காருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். இன்னொருவர் அறுபது எண்ணுவார். முதலாளியின் அப்பா காலத்தில் ஏற்பட்டது. ஆபத்தான வழக்கம்தான். ஆனால் அங்கே யாரும் பிரேக் வேலையில் அலட்சியமாக இருந்ததில்லை.

தராசு காரைச் சரிவில் ஏற்றி நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போது எத்தனை கிளிக் என்று அவர் உள்ளங்கையாலேயே எண்ணுவது வழக்கம். அன்று, "ஒயர், எத்தனை கேட்டுச்சு?" என்றார்.

"ஏழுண்ணே. ஏன், உங்க கை லீவா?"

இறங்கிப் பின்னால் போய் நின்றார். ஒயர் சத்தமாக எண்ணினான். கார் அசையவில்லை. அசையாது என்று அவருக்குத் தெரியும். தாங்கியது இரும்பு. உடைந்ததாக அவர் சந்தேகப்பட்டது சட்டை. இத்தனை வருடம் அவர் நம்பி நின்ற சோதனை இந்த ஒரு தப்பை மட்டும் கண்டுபிடிக்காது. அறுபது முடிந்ததும் பல் டாக்டர் கை தட்டினார். "அருமை. இதுக்குத்தான் உங்க கையாலதான் வேணும்னேன்."

டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பிடியைச் சுற்றி விரல்களை மூடினார்.

தராசு ஜன்னலருகே குனிந்தார். "சார், கொஞ்சம் அடியில தடவிப் பாருங்க. ரெண்டாவது திருகுகிட்ட. மெதுவா."

"என்ன?"

"விரிசல் இருக்கான்னு சொல்லுங்க."

அவர் செய்ததை நேர்மை என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வீடு திரும்ப முடியாத தவிப்பு. மீதிப் பாதி, பல் டாக்டரின் பத்து விரல்களை நினைத்து. இரண்டையும் பிரித்து எடை போட அவராலும் முடிந்திருக்காது.

பல் டாக்டர் நகத்தால் ஒருமுறை கோடிழுத்தார். "இருக்கு. நல்லாவே தட்டுப்படுது." பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியலையா?"

டாக்டர் இறங்கி வந்து அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். குழிந்திருந்த அடிச்சதையைக் கண்டதும் அவர் குரல் தணிந்தது. "அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. நான் தொட்டா சொல்லுங்க."

தராசு சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். முதலாளி வந்துவிட்டிருந்தார். ஒயரும் நின்றான். சாலையில் ஒரு லாரி போனது, ஒரு சைக்கிள் போனது.

"நான் ரெடி சார்" என்றார் தராசு.

யாரும் பேசவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். டாக்டர் பேனா முனையை அவர் கட்டைவிரலில் அழுத்திக்கொண்டிருந்தார். நுனியில் நான்கு நீலப் புள்ளிகள் விழுந்திருந்தன.

"பிடி போனா போகுது, வேற வாங்கிக்கறேன்" என்றார் டாக்டர் முதலாளியிடம். "இவருக்குக் கைக்கு வேலை இல்லாத இடமா பார்த்துக் கொடுங்க." நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

முதலாளி கெட்டவர் இல்லை. உள்ளே போய் இழுப்பறையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்துவந்தார். பெட்டியின் மேல் தூசி படிந்திருந்தது. "கை இல்லாட்டி என்ன? இது இருக்கே. அளவு வந்ததும் இதுவே வழுக்கும். விரிஞ்சதைக் கழட்டிட்டு, பழசை மாட்டுங்க பார்ப்போம்."

கார்பன் பிடியைக் கழற்றினார். பழைய பிடிக்கு ஒரே ஒரு திருகு, தட்டில் கிடந்தது. எடுக்கப் போனார். விழுந்தது. மறுபடி எடுத்தார், உருண்டது. மூன்றாவது முறை ஒயர் பொறுக்க மாட்டாமல் அதை எடுத்து அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்தான். தராசு இறுகப் பிடித்துக்கொண்டு காருக்குள் குனிந்தார். துளைக்கு நேராகக் கையைக் கொண்டுபோய், ஸ்பேனரை வைத்து, திருப்பினார்.

"அண்ணே" என்றான் ஒயர்.

"இரு. பிடிக்கட்டும்."

"அண்ணே, திருகு கீழ கிடக்கு."

அவர் விரல்கள் இன்னும் எதையோ பிடித்துக்கொண்டிருந்தன. முதலாளி ஸ்பேனரை வாங்கி ஒயரிடம் கொடுத்தார். இந்த முறை சரிவில் பின்னால் நின்றது ஒயர். எண்ணியது தராசு. நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தடுமாறியது. ஒயர் தானே எண்ணி முடித்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு வந்து, பழக்கத்தில் அவர் மார்புக்கு நேராகக் கையைத் தூக்கினார். வண்டி கழுவுகிறவர்களுக்குக் கொடுக்கிற பனியனை அவரே தலைவழியாகப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் பட்டன் இல்லை. தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், மனைவி அவர் தோளில் ஒட்டியிருந்த நூல் ஒன்றை எடுத்துப் போட்டார்.