குடை இறங்காத மணலில் ஒரு கார் ரேஸ்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கார் ரேஸில் ஜெயித்தேன்.

சிரிக்காதீர்கள். ஐம்பத்திரண்டு வயது, மூக்குக் கண்ணாடி, வாப்பா காலத்துக் கார்... எல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் ஜெயித்தேன்!

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வரும் ஞாயிறன்று எங்கள் பக்கத்தில் கார் ஓட்டப் போட்டி வைப்பார்கள். போன இரண்டு வருஷமும் தென்னந்தோட்டத்து இளகிய மணலில் ஓடினோம். இரண்டு தடவையும் என் ஒல்லி டயர்கள் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கின. இரண்டு தடவையும் நான்தான் கடைசி.

இன்னொரு தடவை கடைசியாக வந்தால் காரைக் கொடுத்துவிட வேண்டும் என்று என் மனைவி சரீனா சொல்லிவிட்டாள். நானும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டேன். கற்பிட்டியில் பழைய இரும்பு வாங்குபவரிடம் பேசியும் வைத்துவிட்டாள். வாப்பா ஓட்டிய கார், துண்டு துண்டாகப் போவதா?

ஆகவே இந்த முறை புத்தியாக நடந்தேன். அகலமான ரிம், அகலமான டயர் என்று நான்கு சக்கரம் தேடிப் பிடித்தேன். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் மட்கார்டில் உரசியது. உரசட்டுமே... மணலில் புதையாமல் மிதந்தால் போதாதா? ரோட்டுக்குச் சரிவராது என்பதால் அவற்றைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு, பழைய டயரிலேயே நானும் சரீனாவும் புறப்பட்டோம்.

செக் பொயின்ட்டில் மறித்தார்கள். ஒரு காருக்கு எட்டுச் சக்கரம் எதற்கு என்று சிப்பாய் கேட்டார். ரேஸுக்கு என்றேன். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெடுநேரம் சிரித்துவிட்டு அனுப்பினார்.

தென்னந்தோட்டத்தில் இப்போது ராணுவ முகாம். அதனால் போட்டி குறிஞ்சிப்பிட்டிக்கு அப்பால், கடற்கழியான களப்பின் ஓரத் திடலுக்கு மாறியிருந்தது. அங்கும் அதே வெள்ளை மணல்தான். மணலைக் கண்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? டயர் பரந்து மணலில் புதையாமல் ஓடட்டும் என்று குனிந்து காற்றை இறக்குவார்கள். பிறவிப் பழக்கம்! சரீனாவின் தம்பி ரியாஸ், கொழும்பிலிருந்து கொண்டுவந்த புத்தம்புது அகல டயர்களில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான். நானும் இரண்டு அகலச் சக்கரங்களை மாட்டிவிட்டுக் குனிந்தேன்.

சரீனா நிழலுக்குக் குடையை ஊன்றப் பார்த்தாள். இரண்டு அங்குலம் போய் நின்றுவிட்டது. தள்ளிப் போய்க் குத்தினாள். அங்கும் அப்படித்தான்.

"இது மணலில்லயே... மேலதான் மணல். அடியில களிமண் காஞ்சு கல்லாக் கெடக்கு" என்றாள் எரிச்சலாக.

எனக்குப் பொறி தட்டியது. அடி கல்லாக இருந்தால் எதற்கு மிதக்க வேண்டும்? ஒல்லி டயர் மேல்மணலை வெட்டிக்கொண்டு இறங்கி, அடித்தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே நின்று வழுக்கும். அவசர அவசரமாக மாட்டியதைக் கழற்றினேன். பழையதையே பூட்டி, கால் பம்பால் காற்றையும் இறுக்கமாக ஏற்றினேன்.

"மச்சான், மணலுக்குக் காத்தடிச்ச மொத ஆள் நீங்கதான்" என்றான் ரியாஸ். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஐந்து கார், எட்டுச் சுற்று. முதல் வளைவிலேயே இரண்டு பேர் சறுக்கி வெளியே போனார்கள். நாலாவது சுற்றில் இன்னொருவருடைய காற்றில்லாத டயர் ரிம்மை விட்டே கழன்றது. மிச்சம் எனக்கு முன்னால் ஓடிய ரியாஸ் மட்டும். கடைசிச் சுற்றில், களப்பு ஓர வளைவில் அவன் கார் அகலமாக வழுக்கியது. உள்பக்கம் இடைவெளி... விடுவேனா? புகுந்துவிட்டேன்!

இந்த நாட்களில் ஜனம் கூடினால் சாமான் வாங்கும் க்யூவாக இருக்கும், இல்லையென்றால் ராணுவச் சோதனையாக இருக்கும். அன்றைக்கு அத்தனை பேரும் சும்மா சந்தோஷத்துக்குக் கத்தினார்கள். சொல்ல வெட்கமில்லை, நான் அழுதேன்.

யோசித்துப் பார்த்தால், நாங்கள் எல்லோரும் போன வருஷத்து மணலுக்குத்தான் டயர் மாட்டியிருந்தோம். வாழ்க்கையிலும் பெரும்பாலும் அப்படித்தானே?

கூட்டம் கலையும்போது இரும்புக்கார நானா வந்து நின்றார். காரை எப்போது எடுக்கலாம் என்று சரீனாவிடம் கேட்டார்.

"கார் எங்கயும் போகாது, நானா" என்றாள் அவள். "அந்த அகல டயர் நாலும் கெடக்கு, வேணுமெண்டா ஏத்துங்க."