பூட்டிக் கிடந்த சர்ச்சுகள்

வெள்ளைக்காரன் காலத்து சர்ச்சுகளின் மீது என் கணவருக்குப் பைத்தியம் பிடித்தது 2004இல். கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், திடீர் மழைக்கு ஒரு பழைய சர்ச்சின் வாசலில் ஒதுங்கினோம். கதவு பூட்டியிருந்தது. மழை விட்டு வெயில் அடித்ததும் கதவிடுக்கில் கண்ணை வைத்தவர் நகரவே இல்லை.

“இங்க வந்து பாரேன். செவப்பும் நீலமும் தரையில ஊத்தி வச்ச மாதிரி இருக்குது.”

நானும் பார்த்தேன். உயரத்தில் இருந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இடுக்கு வழியாகத் தெரியவில்லை. அதன் வெளிச்சம் மட்டும் தரையில் கிடந்தது. அந்த ஜன்னலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். மரக்காணத்தில் எங்களுக்குக் குத்தகை உப்பளம். வருஷத்தில் பாதி நாள் வெள்ளையைத் தவிர வேறு நிறம் பார்க்காத மனுஷன் ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனாலும் நான் விடவில்லை.

“பெருமுக்கல் மலைக் கோயிலுக்குக் கூப்பிட்டா முட்டி வலிக்குதும்பீங்க. இதுக்கு மட்டும் காலு வருதா?”

எங்கள் உப்பளத்தில் அமாவாசைக்குத்தான் விடுமுறை. அன்றைக்கு யாரும் பாத்தியில் இறங்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உப்பு ஏற்ற லாரி வரும், அவர் உப்பைக் குவித்து வைத்த அம்பாரத்தை விட்டு நகர முடியாது. அதனால் 2005இல் முடிந்த அமாவாசைக்கெல்லாம் பஸ் ஏறினோம். சென்னையில் இரண்டு சர்ச், கடலூரில் மறுபடியும் அதே சர்ச். போகிற நாளெல்லாம் பூட்டியே கிடந்தன. வெள்ளைக்காரர்களின் கல்லறைகளைச் சுற்றி வந்து, கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்புவோம்.

“ஞாயித்துக்கெழம வாங்க சார், தொறந்திருக்கும்” என்பார் வாட்ச்மேன்.

“லாரிக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?” என்று இவர் சிரிப்பார்.

ஒரே ஒரு லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். இன்றைக்கும் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் அந்த வருஷமே அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. நீட்டிய டம்ளரைத் தவறவிட்டார். வாசற்காலில் இடித்துக்கொண்டார். உப்பளத்தில் நிற்கிற எல்லோருக்கும் கண் கூசும், தண்ணீர் வழியும். நாங்கள் அதை நோயென்று நினைப்பதே இல்லை. தீபாவளி கழித்துப் பாண்டிச்சேரியில் காட்டினோம். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர்.

“இன்னும் கொஞ்சம் தெரியுது, வுடு” என்றார் இவர்.

2006 தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அமாவாசை என்பதால் லாரியும் கிடையாது. காலையில் கடலில் முழுகி, பெரியவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுக் கடலூருக்கு பஸ் பிடித்தோம். ஆராதனை முடிந்து சனம் கலைந்திருந்தது. கதவு விரியத் திறந்து கிடந்தது. கோயில் பழக்கத்தில் இருவரும் செருப்பை வாசலில் கழற்றினோம்.

“போட்டுக்கினே வரலாம்ங்க” என்றார் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா. இவர் காதில் வாங்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

ஜன்னல் வெயிலில் ஜொலித்தது. சிவப்பு, நீலம், மஞ்சள். நடுவில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“எவ்ளோ அழகா இருக்குது, பாத்தியா?” என்றார் இவர்.

திரும்பிப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சந்தோஷமாக நின்றிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் ஜன்னலே இல்லை. வெயில் பட்ட வெறும் சுண்ணாம்புச் சுவர்.

“ஆமாங்க, ரொம்ப அழகு” என்றேன்.