பதினான்கு என்றால் பதினேழு

தையல்காரர்களில் சொன்ன தேதிக்குத் துணி கொடுக்கிற ஒரே ஆள் என்று அந்தத் தெருவில் பெயர் எடுத்தவள் அவள். அதனால் எல்லோருக்கும் அவள் தேதியக்கா. மற்ற கடைகளில் "நாளைக்கு வாங்க" என்பதையே கேட்டுக் கேட்டுச் செருப்புத் தேய்ந்தவர்கள் கடைசியில் அவளிடம்தான் வந்து சேர்வார்கள். இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. பதினேழாம் தேதி துணி வேண்டும் என்று ஒருவர் சொன்னால், ஆர்டர் நோட்டில் பதினான்கு என்று எழுதுவாள். மின்சாரம் போகும், மெஷின் மக்கர் பண்ணும், பொருத்தமான பட்டன் கிடைக்காது. அந்த மூன்று நாள் இதற்கெல்லாம் ஒதுக்கியது. பத்தொன்பது வருடப் பழக்கத்தில், நோட்டில் பதினான்கைப் பார்த்தாலே அவள் மனசு பதினேழு என்றுதான் படிக்கும்.

இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்த்தது.

போன வருடம் துணிமூட்டையோடு ஸ்கூட்டரில் வரும்போது, பேப்பர் போடுகிறவரின் சைக்கிளில் இடித்துவிட்டாள். அவர் முழங்கை எலும்பில் விரிசல். வழக்குப் பதிவானது, ஜாமீனும் கிடைத்தது. நான்கு தடவை ஒழுங்காகப் போய்க் கோர்ட்டில் நின்றாள். நான்காவது தடவை, கூட்டத்துக்கு நடுவில் குமாஸ்தா அடுத்த தேதியைக் கத்திச் சொன்னார். அவசரத்தில் பையிலிருந்த ஆர்டர் நோட்டை எடுத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதினாள்: பதினான்கு. மூன்று கழிக்காமல் அந்த நோட்டில் ஏறிய முதல் தேதி அதுதான்.

பதினேழாம் தேதி காலை, இஸ்திரி மடிப்புக் கலையாத உடையோடு வந்து நின்றவளை குமாஸ்தா ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க கேஸ் பதினாலாம் தேதியே வந்துருச்சேம்மா! மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. வாரண்ட் போட்டாச்சு."

"வாரண்ட்டா? எதுக்குங்க?"

"எதுக்கா? உங்களப் பிடிச்சுட்டு வரத்தான்."

அப்போதே உள்ளே போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். பயத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை. ஓட்டமும் நடையுமாக வீடு வந்து கதவைச் சாத்தியவள், ஒரு செம்பு தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணன் ஓடி வந்தார். அண்ணன்மார் எல்லோருமே வக்கீல்கள்தான், படிக்கவில்லை என்பதுதான் குறை. "ஒரு மாசம் எங்க வீட்டுல வந்து இரு. எல்லாம் தானா அடங்கிடும்" என்றார். அவள் கணவன் பஸ் டிரைவர், வாயைத் திறப்பது அபூர்வம். "ஓடிப்போனா வாரண்ட் கிழிஞ்சு போயிடுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அவளுக்கு ஜெயிலைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குத்தான் வருவாள். பத்து வயது. அந்த நேரம் பார்த்துப் போலீஸ் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால்? வேறு எதையும் தாங்குவாள், பிள்ளை அதைப் பார்ப்பதை மட்டும் தாங்கமாட்டாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தைத்தாள். போலீஸ் ஸ்டேஷன் கடைக்கு நாலு கட்டிடம் தள்ளித்தான் இருந்தது. அந்தப் பக்கம் போகாமல் தெருவைச் சுற்றி வந்தாள். தைத்ததையே பிரித்தாள், பிரித்ததைத் தலைகீழாகத் தைத்தாள்.

ஆறாம் நாள் சாயங்காலம் ஷட்டரைக் குனிந்து கடந்து ஒரு காக்கிச் சட்டை உள்ளே வந்தது. அவள் அளவு பார்க்கிற திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். மகள் மட்டும் வெளியே.

"அம்மா இல்லையா பாப்பா?"

"இல்ல அங்கிள். ஊருக்குப் போயிருக்காங்க."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவர் வந்த வேலையைச் சொல்லிவிட்டுப் போனதும் மகள் திரையை விலக்கினாள். "வெளிய வாம்மா. அவரு பேண்ட்டக் குட்டை பண்ணணுமாம்."

"ஏண்டி பொய் சொன்ன?"

"நீதானே ஒளிஞ்ச!"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு. எந்தப் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று பயந்தாளோ, அந்தப் பிள்ளையையே காவலுக்கு நிறுத்திவிட்டாள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாரண்ட் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் கேட்டது ஒன்றுதான்: "நாமளே போய்ச் சொன்னா என்ன?"

மறுநாள் காலை இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த வக்கீலம்மா பேப்பர்களைப் புரட்டிவிட்டு, "நீங்களா வந்தீங்களே, அதுவே பாதி வேலை. பிடிச்சுட்டு வந்து நிறுத்தியிருந்தா கதையே வேற" என்று சொல்லி, அன்றே வாரண்டை ரத்து செய்யக் கேட்டு மனு எழுதினார். காய்ச்சல் என்று சொல்லச் சொல்லி அண்ணன் போன் பண்ணினார். அவள் போனை அணைத்துப் பையில் போட்டாள்.

அன்று மதியம் கோர்ட்டில், "ஏன் வரல?" என்று நீதிபதியம்மா கேட்டபோது, உள்ளதை உள்ளபடி சொன்னாள். நீதிபதி நம்பாமல் ஆர்டர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"இதுல எட்டுன்னு எழுதியிருக்கே?"

"பதினொண்ணும்மா."

"இருபத்தஞ்சு?"

"இருபத்தெட்டு."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "கோர்ட்டுத் தேதிக்கு இந்தக் கணக்கெல்லாம் ஆகாது. இன்னொரு தடவை வராம இருந்தா ஜாமீன் போயிடும், தெரியுதா?" என்று கண்டித்துவிட்டு, வாரண்டை ரத்து செய்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கும்பிடக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா உத்தரவின் நகலைக் கொடுத்தார். "இதை ஸ்டேஷன்ல குடுத்து கையெழுத்து வாங்கிக்குங்க. அவங்க பழைய பேப்பரை வச்சுக்கிட்டுத் தேடிட்டு இருக்கப்போறாங்க."

சுற்றுவழியில் போகாமல் நேர்வழியிலேயே நடந்தாள். ஸ்டேஷன் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். அங்கே எழுத்து வேலையில் இருந்தவர் நகலைப் படித்து, ரிஜிஸ்தரில் பதிந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "அவ்வளவுதாம்மா. போகலாம்."

படியில் இறங்கும்போது பள்ளிக்கூடப் பையோடு மகள் எதிரே வந்துகொண்டிருந்தாள். அம்மாவையும் பின்னாலிருந்த போர்டையும் பார்த்தவள் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. இவள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதடி. நானாத்தான் உள்ள போனேன், நானாத்தான் வெளிய வந்தேன்."

மகள் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "என்னை ஏன் கூட்டிட்டுப் போகல?" என்று கோபித்துக்கொண்டு, பிடித்த கையை விடாமல் கடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.