தாங்கிக்குள் ஒரு மணம்

ஸ்கந்தா அண்ணை தாங்கிக்குள் தலையை விடமாட்டார். மூடியைக் கழற்றி ஓரமாக நின்று, உள்ளே இருக்கும் காற்றைக் கையால் விசிறி மூக்குப் பக்கம் எடுப்பார். கண்ணை மூடுவார். "ம்... சரி" என்றால்தான் அடுத்த வேலை. பியர் புளித்த தாங்கிக்குள் நிற்கும் காற்று ஆளையே விழுத்திவிடும் என்று எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

முழுப்பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. சுவிஸில், எம்மன்புரூக்கேயில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் தாங்கி கழுவுகிற வேலை. பொழுதுபோக்கும் அதுதான், வீட்டு நிலவறையில் பழைய எவர்சில்வர் தாங்கி ஒன்றைக் கழுவிக் கழுவிப் பியர் காய்ச்சுகிறார். வேலையிடத்தில் பழைய தாங்கி ஒன்றைச் சும்மாவே கொண்டுபோகச் சொன்னார்களாம். மறுத்துவிட்டார்.

"பெயின்ற் குடிச்ச தாங்கி. எவ்வளவு கழுவினாலும் நான் அதில வாய் வைக்கமாட்டன்."

பிறகு மூடப்போகிற அப்பிள் சாறு ஆலை ஒன்றுக்குப் போய், உள்ளே சாறு நிற்பதைக் கண்ணால் பார்த்துத்தான் இதை வாங்கினார். பழைய றப்பர் வளையங்களை எறிந்து புதிது போட்டார். சுடுநீரில் சலவைச் சோடா, பிறகு சிற்றிக் அமிலம், அதன்பின் தண்ணீர், இன்னும் தண்ணீர். கம்பித் தும்பும் குளோரினும் கிட்ட வரக்கூடாது, எவர்சில்வரைத் தின்றுவிடுமாம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போதுகூட இவ்வளவு பக்குவத்தை நான் கண்டதில்லை.

இந்தப் பங்குனியில் எங்கள் மகேஸ்வரனுக்கு இந்த நாட்டில் தங்கியிருக்க பி பெர்மிற் கிடைத்தது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வருடக்கணக்காகப் பயந்திருந்த மனுசன். அண்ணை முதன்முதல் காய்ச்சிய பியர் முழுவதும் அந்தக் கொண்டாட்டத்துக்கே போய்விட்டது. நானும் குடித்தேன். நன்றாகவே குடித்தேன்.

அடுத்த தடவை காய்ச்சுவதற்காக ஒரு சனிக்கிழமை அண்ணை மூடியைத் திறந்து காற்றை விசிறினார். முகம் செத்துப்போனது. வேலையிடத்து வார்னிஷ் மணம். திரும்பவும் விசிறினார், அதே மணம். ஆலைக்காரன் பெயின்ற் நின்ற தாங்கியைத் தந்து ஏமாற்றிவிட்டான், ஊர்ச்சனத்துக்கெல்லாம் தன் கையாலேயே நஞ்சு ஊற்றிக் கொடுத்தாயிற்று என்று நினைத்து, வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தார். எனக்கும் எடுத்து, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது நிலவறைப் படியில் இருந்தார். மகேஸ்வரனுக்குத் தொலைபேசி எடுக்க மட்டும் கை வரவில்லையாம்.

"இப்பதான் அவனுக்கு விடிஞ்சது, தம்பி. அதுக்குள்ள நான் இப்பிடிச் செய்துபோட்டன்."

மனைவி சந்திரமதி அக்கா தேத்தண்ணியோடு இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். திறந்து கிடந்த தாங்கியைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, நேற்று வெள்ளிக்கிழமையெல்லோ. ஆரோ பாவிச்ச சாமான், கண்ணூறு கிடக்கும் எண்டு நான்தான் உள்ளுக்குச் சாம்பிராணி காட்டிப்போட்டு மூடினனான்."

அண்ணை எழும்பிப் போய் இன்னொருதரம் காற்றை விசிறினார்; சாம்பிராணியும் வார்னிஷைப் போலப் பிசின் மணம்தானே. பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. பொய் சொல்வானேன், அந்தத் தொலைபேசிக்குப் பிறகு என் வயிற்றுக்குள்ளும் ஏதோ செய்துகொண்டுதான் இருந்தது. அப்போதுதான் அது நின்றது.

அக்காவை அவர் ஏசவில்லை. சோடாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி கழுவினார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அக்கா சாம்பிராணித் தட்டோடு நிலவறைக்கு வந்தார். அண்ணை எழும்பி, மூடியை இறுக்கித் திருகிவிட்டு, தாங்கிக்கு முன்னால் வந்து நின்றார். தட்டில் எழுந்த புகையைக் கையால் விசிறி மூக்குப் பக்கம் எடுத்தார். கண்ணை மூடினார்.

"ம்... சரி" என்றார்.